மண்வெட்டியால் தாழ்த்திய ஏரி

கேள்வி: உலகத்தில் இதுவரை பதிவான நிலநடுக்கங்களிலேயே பெரியது 1960-ல் சிலி நாட்டின் வால்டிவியாவில் வந்தது என்று மகளின் பாடத்தில் இருக்கிறது. அதற்குப் பிறகு மேலே இருந்த ஓர் ஏரி உடைந்து ஊரையே அடித்துக்கொண்டு போகாதபடி, ஆட்கள் மண்வெட்டியால் வெட்டிக் காப்பாற்றினார்கள் என்றும் படித்தாள். உண்மையா ஐயா? கப்பலில் அந்தப் பக்கமெல்லாம் போனவர் என்பதால் உங்களிடம் கேட்கிறேன்.
– ஒரு வாசகி, நாகப்பட்டினம்

பதில்: உண்மைதான் அம்மா. அந்த ஊரை நான் இரண்டு முறை பார்த்திருக்கிறேன். முதல் முறை 1997-ல். காகிதம் செய்வதற்கான மரச்சில்லு ஏற்ற எங்கள் கப்பல் கொர்ரால் துறைமுகத்துக்குப் போயிருந்தது. வால்டிவியா ஆறு கடலில் கலக்கும் வாயில் இருக்கும் சின்ன ஊர் அது. வால்டிவியா அங்கிருந்து ஆற்றோடு பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் உள்ளே இருக்கிறது. இரண்டாம் பொறியாளனான எனக்கு ஒரு நாள் விடுப்பு கிடைத்தது. படகில் எதிர்க்கரை நியேப்லாவுக்குப் போய், அங்கிருந்து பஸ் பிடித்தேன். வழியெல்லாம் மழை.

படகில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர்தான் இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னவர். என் ஸ்பானிஷ் அரைகுறை. அவர் கையாலேயே பாதி சொன்னார். 1960 மே 22, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்று மணி தாண்டிச் சில நிமிடங்கள். அளவு 9.5. சற்று முன்பே ஓர் அதிர்வு வந்து பலர் தெருவுக்கு ஓடி வந்திருந்தார்கள். அதனால்தான் பெரியது வந்தபோது அவர்கள் பிழைத்தார்கள். அப்புறம் கொர்ரால் வளைகுடாவில் கடல் பின்வாங்கியது, திரும்பி வந்தது. உங்கள் ஊர்க்காரர்களுக்கு அந்த அலையைப் பற்றி நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அதே அலை பசிபிக்கைக் கடந்து ஹவாயில் 61 பேரைக் கொன்றது. அடுத்த நாள் ஜப்பானிலும் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

ஊரே இடிந்து கிடந்த நேரத்தில்தான் மலையிலிருந்து அடுத்த செய்தி வந்தது. வால்டிவியா வழியாக ஓடும் காயே காயே ஆறு, மேலே சான் பெத்ரோ என்ற பெயரில் ரிஞிவே ஏரியிலிருந்து புறப்படுகிறது. வரிசையாக இருக்கும் பல ஏரிகளின் தண்ணீர் கடைசியாக அந்த ஒரே ஏரியில்தான் வந்து சேரும். நிலநடுக்கத்தில் மலைச்சரிவு பெயர்ந்து, ஆறு புறப்படும் பள்ளத்தில் மூன்று இடங்களில் விழுந்து அடைத்துவிட்டது. பெரிய அடைப்பின் உயரம் 24 மீட்டர். மே மாதம் அங்கே மழைக்காலத் தொடக்கம். ஏரி நாளுக்கு நாள் ஏறியது.

ஏரிப் பாசன ஊரில் பிறந்தவனுக்கு இதில் உள்ள ஆபத்து சட்டென்று புரியும். நம் ஏரிகளில் கலிங்கு எதற்கு? மிகுதித் தண்ணீர் அதன் வழியாக அடக்கமாகப் போகட்டும், கரைமேல் ஏறி வழிய வேண்டாம் என்பதற்குத்தான். மண்கரைமேல் தண்ணீர் வழிந்தால் கரை அரிபட்டு உடைப்பெடுக்கும், தேங்கியது மொத்தமும் ஒரே மூச்சில் இறங்கும். ரிஞிவேயில் இருந்தது வெறும் சரிந்த மண். கலிங்கு கிடையாது. இன்னொரு பயமும் இருந்தது. 1575 டிசம்பரில் இதே பகுதியில் பெரிய நிலநடுக்கம் வந்து, இதே போல ஏரியின் வாய் அடைபட்டு, நான்கு மாதம் கழித்து உடைந்து, கீழே இருந்த மக்களை வாரிக்கொண்டு போனது. அன்று வால்டிவியாவில் அதிகாரியாக இருந்த மாரின்யோ தெ லோபேரா அதை எழுதி வைத்திருக்கிறார். 385 வருடம் கழித்து அதே ஏரி, அதே அடைப்பு.

ராவுல் சாயெஸ் என்ற பொறியாளர் தலைமையில் வேலை தொடங்கியது. இயந்திரங்களைக் கொண்டுவந்தார்கள், அவை சேற்றில் புதைந்தன. அதனால் பெரும்பகுதி மண்வெட்டிதான். நூற்றுக்கணக்கான ஆட்கள், சிப்பாய்களும் தொழிலாளர்களும், கொட்டும் மழையில், நடுநடுவே நிலம் இன்னும் குலுங்கிக்கொண்டிருக்க, இரண்டு மாதம் வெட்டினார்கள். தண்ணீர் வரத்தைக் குறைக்க மேலே உள்ள ஏரிகளின் வாயையும் தற்காலிகமாக அடைத்தார்கள். 24 மீட்டர் அடைப்பு 15 மீட்டராக இறங்கியது. ஒன்பது மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் சேராமலே தடுத்துவிட்டார்கள் என்று அதற்குப் பொருள். ஜூலை கடைசியில் ஏரி அந்த வெட்டு வழியாக வெளியேறியது. கீழே உள்ளவர்களை முன்கூட்டியே மேட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். வால்டிவியாவின் தாழ்வான தெருக்கள் மூழ்கின, ஊர் போகவில்லை. அந்த மக்கள் இதை 'ரிஞிவாசோ' என்கிறார்கள்.

என்னோடு படகில் வந்த பெரியவரின் அண்ணன் அங்கே வெட்டியவர்களில் ஒருவர். கொப்புளம் உடைந்த உள்ளங்கையோடு வீடு திரும்பியவர், கோடை வரும்வரை வலையைப் பிடிக்கவில்லையாம். இதை என் பேரப்பிள்ளைகளுக்கு நான் பலமுறை சொல்லியிருக்கிறேன். உங்கள் மகளுக்கும் நீங்கள் சொல்ல வேண்டும்.

கேள்வி: வால்டிவியாவில் கருங்கழுத்து அன்னங்கள் உண்டாமே, பார்த்தீர்களா?
– ஒரு வாசகர், வேதாரண்யம்

பதில்: பார்த்தேன். உடல் வெள்ளை, கழுத்து மட்டும் மைக்கறுப்பு, அலகின் மேல், நெற்றியோரமாகச் சிவப்புக் குமிழ். அவை அங்கே பெருகியதற்கும் அதே நிலநடுக்கம்தான் காரணம். நிலம் சுமார் இரண்டு மீட்டர் தாழ்ந்ததால் குரூசெஸ் ஆற்றோரத்து வயல்களும் மேய்ச்சல் நிலங்களும் தண்ணீருக்குள் போய்ச் சதுப்பாகிவிட்டன. விவசாயிகளுக்கு அது பேரிழப்பு. அந்தத் தண்ணீரில் லுச்சேசியோ என்ற நீர்ச்செடி அடர்ந்தது, அதைத் தின்ன அன்னங்கள் வந்தன. 1981-ல் சிலியின் முதல் ராம்சார் தலமாக, அதாவது உலக முக்கியத்துவம் உள்ள சதுப்பு நிலமாக, அதை அறிவித்தார்கள்.

2004-ல் ஆற்றின் மேற்பகுதியில் ஒரு காகிதக்கூழ் ஆலை ஓடத் தொடங்கியது. சில மாதங்களில் செடி அழிந்தது. அன்னங்கள் பசியில் செத்தன, மிச்சம் பறந்து போயின. ஊர் மக்கள் தெருவுக்கு வந்து போராடினார்கள். 2013-ல் நீதிமன்றம் ஆலைதான் பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. 2006-ல் இரண்டாம் முறை போனபோது, முன்பு கூட்டமாகப் பார்த்த அதே இடத்தில் அரைமணி நேரம் நின்றேன், ஒன்றுகூடத் தென்படவில்லை. மனம் கனத்துப் போனது. நாங்கள் கொர்ராலில் ஏற்றியதும் கூழுக்கான மரம்தானே என்ற எண்ணம் கப்பலுக்குத் திரும்பும்வரை விடவில்லை. பிறகு செடி மீண்டும் வளர, அன்னங்களும் திரும்பிவிட்டன என்பதுதான் எனக்கு ஆறுதல்.

கேள்வி: என் மகன் கடல் உயிரியல் படிக்க அடுத்த வருடம் வால்டிவியாவுக்குப் போகிறான். சைவம் சாப்பிடுபவன். ஊர் எப்படி?
– ஒரு தந்தை, திருநெல்வேலி

பதில்: நல்ல ஊர், தைரியமாக அனுப்புங்கள். 1954-ல் தொடங்கிய ஆஸ்திரல் பல்கலைக்கழகம் அங்கே இருக்கிறது, அதன் வளாகம் ஆற்றுக்கு அக்கரையில் தேஹா தீவில். பாலத்தில் நடந்தே ஊருக்குள் வந்துவிடலாம். பாலத்தின் அருகில் ஆற்றங்கரை மீன்சந்தை. கடைக்காரர்கள் வீசும் மீன்தலைக்காகக் கடல்சிங்கங்கள் படியில் ஏறிக் காத்திருக்கும். சைவமானாலும் கடல் உயிரியல் படிப்பவன் அதைப் பார்க்காமல் இருக்கக் கூடாது.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குளிர்காலம், நல்ல மழை. குடை காற்றில் மடங்கும், நல்ல மழைச்சட்டையும் ரப்பர் பூட்ஸும் வாங்கிக்கொள்ளட்டும். வீடுகளில் விறகு அடுப்பில்தான் குளிர் காய்கிறார்கள், குளிர்காலத்தில் ஊர்மேல் புகை படிந்திருக்கும். ஆஸ்துமா இருந்தால் மருந்து கையில் இருக்க வேண்டும். சாப்பாட்டுக்கு அரிசி, பயறு, உருளைக்கிழங்கு எல்லாம் கிடைக்கும். மழை பெய்தால் சோபைபியா என்று மாவைத் தட்டிப் பொரிப்பார்கள், ஆனால் பலர் பன்றிக்கொழுப்பு சேர்ப்பதுண்டு, கேட்டுச் சாப்பிட வேண்டும். 'சின் கார்னே' (இறைச்சி இல்லாமல்) என்றால் மீன் வைத்துவிடலாம், மீனும் வேண்டாம் என்று தனியாகச் சொல்லட்டும்.

கடைசியாக ஒன்று. வாடகை குறைவு என்று கடலோரமாக நியேப்லா பக்கம் வீடு எடுத்தால், சுனாமி வந்தால் மேட்டுக்கு ஓடும் வழியைக் காட்டும் பலகைகள் தெருவில் இருக்கும். நிற்க முடியாத அளவு நிலம் ஆடினால் சைரனுக்குக் காத்திருக்காமல் அந்த வழியில் ஏற வேண்டும். குடியேறிய முதல் நாளே ஒரு முறை நடந்து பார்த்து, எத்தனை நிமிடம் ஆகிறது என்று உங்களுக்கு போன் செய்து சொல்லச் சொல்லுங்கள்.