ஒருவரை ஹீரோ என்று எதை வைத்துச் சொல்வீர்கள்? சமுதாயத்தில் நியாயம் கிடைக்க ஹீரோ தேவையா? இப்படி இரண்டு கேள்விகள் கேட்டிருந்தீர்கள்.

இரண்டாவது கேள்விக்கு அப்புறம் வருகிறேன். முதல் கேள்விக்கு என் பதில் இது: தனக்கு மட்டும் கிடைக்கவிருந்த சலுகையைத் தள்ளிவிட்டு, கூட நிற்கிற எல்லாருக்கும் சேர்த்துக் கேட்டு, அதனால் வரும் கஷ்டத்தையும் தாங்கிக்கொள்பவர்தான் ஹீரோ. உயிரைப் பணயம் வைத்துத் தீயை அணைப்பவரும், ஆற்றில் குதித்துப் பிள்ளையைத் தூக்குபவரும் வீரர்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் நியாயத்தையும் சேர்த்துக் கேட்டிருப்பதால் நான் இந்தப் பக்கமாக வருகிறேன்.

நான் கோலாலம்பூரில் செந்தூல் பக்கம் இருக்கிறேன். என் அம்மா அரசாங்கப் பள்ளி ஒன்றில் பல வருஷம் கிளீனிங் வேலை செய்தவர். அந்த வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்தால்தான் நான் சொல்லப்போகும், அம்மாவோடு வேலை செய்த அக்காவைப் புரிந்துகொள்ள முடியும்.

பள்ளியைக் கூட்டித் துடைப்பவர்கள் பள்ளியின் ஆட்கள் இல்லை. குத்தகை எடுத்த கம்பெனியின் ஆட்கள். இரண்டு மூன்று வருஷத்தில் குத்தகை முடியும், வேறு கம்பெனி வரும். அதே பெண்கள், அதே கக்கூஸ், அதே மாடிப்படி. சட்டையில் உள்ள கம்பெனிப் பேர் மட்டும் மாறும். ஆனால் காகிதத்தில் எல்லாரும் அன்றைக்குத்தான் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள். இதில் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, ஒரே முதலாளியிடம் 2 வருஷத்துக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு வருஷ லீவு 8 நாள். 2 வருஷம் ஆனால் 12 நாள், 5 வருஷத்தைத் தாண்டினால் 16 நாள். எம்சி, அதாவது டாக்டர் சீட்டோடு எடுக்கும் நோய் லீவும் அப்படித்தான், 14, 18, 22 நாள் என்று ஏறும். வேலையை விட்டு நிறுத்தும்போது தரவேண்டிய பணமும் சேவைக் காலத்தைப் பொறுத்தது. இருபது வருஷம் ஒரே பள்ளியில் முதுகு ஒடிய வேலை செய்த பெண்ணுக்கு, ஒவ்வொரு கைமாற்றத்திலும் 8 நாள் லீவிலிருந்து மறுபடியும் தொடக்கம்.

அப்படி ஒரு கைமாற்றத்தின்போதுதான் நடந்தது. பள்ளி விட்ட பிறகு கேண்டீனில் எல்லாரையும் உட்கார வைத்து, புதுக் கம்பெனியின் சூப்பர்வைசர் மலாயில் அடித்த பாரத்தை (படிவத்தை) கொடுத்திருக்கிறார். அவரும் தமிழ்ப் பையன்தான், சின்ன வயசு. பெரும்பாலான பெண்கள் ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். மலாய் பேசுவார்கள், ஆனால் இலாகா மொழியில் எழுதியதைப் படித்துப் புரிந்துகொள்வது சிரமம். எங்கே கையெழுத்து என்று மட்டும் கேட்டுப் போட்டுவிடுவார்கள். அந்த அக்கா கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, வரிக்கு வரி விரலை வைத்துப் படித்திருக்கிறார். பழைய கம்பெனியிடமிருந்து வரவேண்டியது எல்லாம் வந்துவிட்டது, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று ஒரு வரி. அதில் விரல் நின்றுவிட்டது.

"தம்பி, எங்க பழைய சர்வீஸ் இதுல எங்க இருக்கு?"

"அதெல்லாம் பழைய கம்பெனியோட முடிஞ்சதுக்கா."

"நாங்க முடியலையே தம்பி. இங்கதானே இருக்கோம்."

அவர் அக்காவைத் தனியாக, பாத்திரம் கழுவும் தொட்டிப் பக்கம் கூப்பிட்டிருக்கிறார். "உங்களுக்கு மட்டும் பதினாறு நாள் லீவு போட்டுத் தரச் சொல்றேன். மத்தவங்களைக் கிளப்பி விட்டுடாதீங்கக்கா, என் வேலைக்கும் ஆபத்து." அந்தப் பையனின் பயமும் பொய்யில்லை, அவருக்கும் மாதச் சம்பளம்தான். அக்கா திரும்பி வந்து எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாராம்: "எல்லாருக்கும் போடுங்க தம்பி. அந்தக் கணக்குல எனக்கும் போடுங்க."

உங்கள் முதல் கேள்விக்கு எனக்கு அந்த இடத்தில்தான் விடை கிடைக்கிறது. பதினாறு நாள் லீவு அவர் கையில் வந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு வாங்கியிருந்தால் யாருக்கும் தெரியாது, யாரும் குறை சொல்லவும் மாட்டார்கள். அவர் வாங்கவில்லை.

அப்புறம் தொழிலாளர் இலாகாவுக்கு அலைந்தார். போகும் நாளெல்லாம் சம்பளத்தில் பிடித்தம். மனுவில் முதலில் சிலர்தான் கையெழுத்துப் போட்டார்கள். என் அம்மாவும் பயந்துகொண்டு நின்று, பிறகுதான் போட்டார். கடைசியில் அந்தப் பள்ளியில் இருந்தவர்களுக்கு லீவு மட்டும் பழைய கணக்கில் கிடைத்தது, மற்றது எதுவும் கிடைக்கவில்லை. அக்காவை ஊரின் மறுகோடியில் இருந்த பள்ளிக்கு மாற்றினார்கள். இரண்டு பஸ் ஏறிப் போக வேண்டும், விடிவதற்கு முன்னால் கிளம்ப வேண்டும். அவர் வாங்கிக் கொடுத்த லீவை என் அம்மா அனுபவித்தார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

பெரிய வரலாற்றில் பார்த்தாலும் இதே குணம்தான் எனக்குத் தெரிகிறது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடந்தது. கிள்ளான் இந்தியர் சங்கத்தின் ஆர்.எச்.நாதன் முன்னால் நின்றார். சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கும் அதே கூலி வேண்டும், கள்ளுக்கடையை மூட வேண்டும், பிள்ளைகளுக்கு ஒழுங்கான படிப்பு வேண்டும் என்று கேட்டார்கள். கூடவே இன்னொன்றும் கேட்டார்கள்: துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும். கூலி உயர்வோடு இதையும் அவர்கள் ஒரே பட்டியலில் வைத்ததை நான் பெரிதாக நினைக்கிறேன். இறங்காமல் ஓட்டிப் போனால் சம்பளம் ஒரு காசு கூடாது, ஆனால் நெஞ்சு நிமிரும். அந்த மே மாதம் நாதனைப் பிடித்தார்கள். அவரை விடச் சொல்லித் தோட்டங்கள் கொந்தளித்தன. ராணுவம் இறங்கியது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் செத்தார்கள். நாதன் நாடு கடத்தப்பட்டார்.

ஐரின் பெர்னாண்டஸை இங்கே பலருக்குத் தெரியும். சுங்கைப் பட்டாணியில் பிறந்தவர், கோலாலம்பூரில் பெண்கள், வெளிநாட்டுத் தொழிலாளர்கள் உரிமைக்கான தெனாகானித்தா அமைப்பை நடத்தியவர். 1995இல், தடுப்பு முகாம்களில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் படும் சித்திரவதையை, அவர்களில் 300க்கும் மேற்பட்டவர்களிடம் நேரில் கேட்டு அறிக்கையாக எழுதினார். மறு வருஷம் அவர் மீதே வழக்கு: பொய்ச் செய்தி வெளியிட்டாராம். 2003இல் ஓராண்டுச் சிறை என்று தீர்ப்பு. மேல்முறையீட்டில் விடுதலையானது 2008 நவம்பரில். நடுவில் 2004 தேர்தலில் நிற்கும் உரிமையும் போனது. அவர் யாருக்காகப் பேசினாரோ அவர்களுக்கு இந்த நாட்டில் ஓட்டு கிடையாது. பாதிப் பேர் ஊருக்கே அனுப்பப்பட்டிருப்பார்கள், நன்றி சொல்லக்கூட ஆள் இல்லை. இதை விடச் சுத்தமான துணிச்சலை நான் கேள்விப்பட்டதில்லை. 2014இல் இறந்தார். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு அவர் பேரைச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

எதிர்த்து நிற்பது மட்டும்தான் வீரமா என்றால், இல்லை. மலாயா இந்தியர் காங்கிரஸ் தலைவராக இருந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்தது வேறு வழி. வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க, அவை துண்டாடப்பட்டபோது, நம் மக்கள் லயத்தை (தோட்டத்து வீட்டு வரிசையை) விட்டுத் தெருவுக்கு வரும் நிலை. மாதம் பத்து வெள்ளியாகத் தொழிலாளிகளிடமே சேர்த்து, அதை வைத்தே தோட்டங்களை வாங்கினார். மந்திரி பதவியில் இருந்துகொண்டு தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசினார். இன்று பிரிக்பீல்ட்ஸில் அவர் பேரில் இருக்கும் சாலையில் தினமும் ஆயிரம் பேர் நடக்கிறோம்.

சரி, இரண்டாவது கேள்வி. நியாயத்துக்கு ஹீரோ தேவையா?

தொடங்கி வைக்கத் தேவை. ஆனால் அதே விஷயத்துக்கு மறுபடி மறுபடி ஒரு ஹீரோ தேவைப்பட்டால் அங்கே நியாயம் இன்னும் வரவில்லை என்றுதான் சொல்வேன். குறைந்தபட்சச் சம்பளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தொழிற்சங்கங்களும் தொண்டர்களும் எத்தனையோ வருஷம் கத்திய பிறகு 2013இல் தீபகற்ப மலேசியாவில் மாதம் 900 ரிங்கிட் என்று அமலுக்கு வந்தது. 2022இல் 1,500, 2025 பிப்ரவரியிலிருந்து 1,700. இந்த ஊர் விலைவாசிக்கு அது போதாது, அது தனிக் கதை. ஆனால் இப்போது ஒரு கிளீனர் அம்மா அந்தத் தொகைக்காக யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. தைரியசாலிக்கும் பயந்தவருக்கும் ஒரே சம்பளம். பயந்தவருக்கும் கிடைப்பதுதான் நியாயம் என்று நான் நம்புகிறேன், ஏனென்றால் உலகத்தில் பெரும்பாலானவர்கள் பயந்தவர்கள்தான். பயப்படுவதற்கு அவர்களுக்கு வீட்டு வாடகையும் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

சேவைக் காலத்துக்கு இந்த நிலை வரவில்லை. குத்தகை கைமாறினால் இன்னமும் அந்தப் பாரம் வருகிறது, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிக்க ஒருவர் வேண்டியிருக்கிறது. அப்படி ஒருவர் இல்லாத பள்ளிகளில் என்ன நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். நம் சங்கங்கள் வருஷா வருஷம் மேடை போட்டுப் பலருக்குப் பொன்னாடை போர்த்துகின்றன. அதே சங்கங்கள் இந்த ஒரு விதியை மாற்றச் சொல்லித் தங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரிடம் மனு கொடுத்தால், அந்த அக்காவுக்கு அதுதான் உண்மையான மரியாதை.

உங்கள் வீட்டில் அம்மாவோ பெரியம்மாவோ குத்தகைக் கம்பெனியில் வேலை செய்தால், பழைய கம்பெனி கொடுத்த நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, இபிஎஃப் (சேமநிதி) கணக்கு அறிக்கை எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டு வைக்கச் சொல்லுங்கள். புதுப் பாரம் வந்தால் அங்கேயே கையெழுத்துப் போடாமல் போனில் படம் பிடித்து உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். புரியாவிட்டால் இங்கே கருத்துப் பகுதியில் கேளுங்கள், பேரையும் ஐசி (அடையாள அட்டை) நம்பரையும் மறைத்துவிட்டுப் போடுங்கள். எனக்குத் தெரிந்தவரை படித்துச் சொல்கிறேன்.