நடக்கச் சொல்கிறீர்கள், எங்கே நடப்பது?

வடசென்னையின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் 26 ஆண்டுகள் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் வருமுன் தடுக்க, நடைக்கும் விளையாட்டுக்கும் அரசிடம் என்ன கேட்பது, எப்படிக் கேட்பது என்று வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி (தண்டையார்பேட்டை, இல்லத்தரசி, 46 வயது): சிஸ்டர், எனக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கிறது. தினமும் அரைமணி நேரம் நடக்கச் சொன்னார் டாக்டர். வாசலில் இறங்கினால் கன்டெய்னர் லாரி. எங்கே நடப்பது?

பதில்: உங்களைப் போன்ற எத்தனையோ பேரிடம் சீட்டை நீட்டி, "நடங்கள் அம்மா" என்று நானும் சொல்லி அனுப்பியிருக்கிறேன். ஒருநாள் மாலை அப்படி ஒருவருடன் நானே நடந்து பார்த்தேன். அவர் வீட்டிலிருந்து பஸ் நிறுத்தம் வரை முந்நூறு அடிகூட இராது. நடைபாதையில் முதலில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர், அதை ஒட்டி இரண்டு பைக், பிறகு மூடி உடைந்த மழைநீர் வடிகால், அதைத் தாண்டினால் ஜல்லிக் குவியல். ஒவ்வொன்றுக்கும் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சாலையில் இறங்கினார். லாரி ஹாரன் அடித்ததும் என் கையை இறுகப் பற்றினார். மறுபடி ஏறும்போது முழங்காலை ஒரு கையால் அழுத்திக்கொண்டுதான் ஏற முடிந்தது. அதற்குப் பிறகு வெறுமனே "நடங்கள்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நடையின் பலனில் உங்களுக்குச் சந்தேகமே வேண்டாம். சர்க்கரை எல்லைக்கோட்டில் இருந்த 531 பேரை மூன்று ஆண்டுகள் கவனித்து, நம் சென்னை மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழுவினர் 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கமான அறிவுரையோடு விடப்பட்டவர்களில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. உணவிலும் நடையிலும் விடாமல் வழிகாட்டப்பட்டவர்களில் 39 சதவீதம்தான், அதுவும் மாத்திரை இல்லாமல். அப்படியானால் நடைபாதை போடுவதும் மருத்துவம்தானே?

சாலைகளுக்கான தர அளவுகளை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் வழிகாட்டுதல், நடைபாதையில் தடையே இல்லாமல் 1.8 மீட்டர் அகலம் வேண்டும், உயரம் 150 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்கிறது. நடைபாதை என்பது அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையில் அடங்கும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நீங்கள் கேட்பது சலுகை அல்ல. அது வரும் வரை, மொட்டை மாடியிலோ மெட்ரோ நிலையத்துக்குள்ளோ பத்துப் பத்து நிமிடமாக மூன்று முறை நடங்கள். அதுவும் கணக்கில் சேரும்.

கேள்வி (ராயபுரம், துறைமுகத்தில் சுமை தூக்குபவர்): நாள் முழுக்க மூட்டை தூக்குகிறேன். எனக்கு எதற்கு உடற்பயிற்சி?

பதில்: உங்களுக்கு முதலில் வேண்டியது ஓய்வு, ஐயா. விருப்பப்பட்டு நடக்கும் நடை இதயத்துக்குத் தரும் நன்மையை, மூச்சு வாங்க இடைவெளியின்றித் தூக்கும் சுமை தருவதில்லை. வேலை இடத்தில் நிழல், தண்ணீர், ஓய்வு நேரம், ஆண்டுக்கொரு முறை ரத்தக்கொதிப்புப் பரிசோதனை ஆகியவற்றைச் சங்கம் மூலம் கேளுங்கள். "நீங்கள்தான் உழைக்கிறீர்களே" என்று சொல்லி யாரும் உங்களைப் பரிசோதனைப் பட்டியலிலிருந்து கழற்றிவிட இடம் கொடுக்காதீர்கள்.

கேள்வி (வியாசர்பாடி, கல்லூரி மாணவர்): அக்கா, எங்கள் பக்கம் கால்பந்து ஆடாத பையன் இல்லை. மைதானத்துக்குத்தான் பஞ்சம். மனு கொடுத்துக் கொடுத்துச் சலித்துவிட்டது.

பதில்: "மைதானம் வேண்டும்" என்று மட்டும் எழுதிய மனு கோப்பில் தூங்கும், தம்பி. பணத்தைப் பற்றிக் கேளுங்கள். 2014-இல் சென்னை மாநகராட்சி மோட்டார் இல்லாப் போக்குவரத்துக் கொள்கையை ஏற்றது. போக்குவரத்துக்கான பணத்தில் 60 சதவீதம் நடைக்கும் மிதிவண்டிக்கும் போக வேண்டும் என்று அதில் இருக்கிறது. உங்கள் வார்டில் கடந்த மூன்று ஆண்டுகளில் எவ்வளவு போனது? விளையாட்டுத் திடல்களுக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள், எவ்வளவு செலவானது? 2005-ஆம் ஆண்டு தகவல் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம், 30 நாளில் பதில் தர வேண்டும். அந்தத் தாளோடு கவுன்சிலரைப் பார்த்தால் பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

இன்னொன்றும் கேளுங்கள். கொலம்பியாவின் பொகோட்டா நகரில் 1974-இல் தொடங்கிய வழக்கப்படி ஞாயிறுதோறும் பெரிய சாலைகளையே மோட்டார் வண்டிகளுக்கு அடைத்து, மக்களுக்கு விடுகிறார்கள். நமக்கு ஞாயிறு காலை மூன்று மணி நேரம் ஒரு தெரு போதும். அதற்குப் புதிய நிலமும் வேண்டாம், கட்டடமும் வேண்டாம்.

கேள்வி (கொருக்குப்பேட்டை, தாய்): என் மகளின் பி.டி. பீரியடைக் கணக்கு டீச்சர் வாங்கிக்கொள்கிறார். சொன்னால் "பரீட்சை முக்கியமா, விளையாட்டு முக்கியமா" என்கிறார்கள்.

பதில்: 5 முதல் 17 வயது வரை நாளுக்குச் சராசரியாக 60 நிமிடம் உடல் அசைய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நம் பெண் குழந்தைகளில் பலருக்கு அந்த பீரியடை விட்டால் ஓட வேறு இடமே கிடையாது, வயதுக்கு வந்த பிறகு தெருவும் மூடிவிடுகிறது. 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையிலேயே விளையாட்டு மைதானமும் விளையாட்டுப் பொருள்களும் இருக்கின்றன. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் நான்கு தாய்மார்களாகப் போய்க் கேட்டு, தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி (வண்ணாரப்பேட்டை, வியாபாரி): நடைபாதை நடைபாதை என்கிறீர்கள். எம்.சி. ரோட்டில் கடை போட்டிருக்கும் நாங்கள் எங்கே போவது?

பதில்: உங்களை விரட்டிவிட்டு வரும் நடைபாதை எனக்கு வேண்டாம். 2014-ஆம் ஆண்டு தெரு வியாபாரிகள் சட்டப்படி, கணக்கெடுப்பு முடியாமல் யாரையும் அகற்றக் கூடாது. இடத்தை அடைப்பதில் முதல் ஆள் நிறுத்திவைத்த வண்டிதான். ஒரு கார் நிற்கும் இடத்தில் எத்தனை கூடை வைக்கலாம் என்று அளந்து பாருங்கள். நடப்பவரும் விற்பவரும் ஒரே மனுவில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது என் ஆசை.

கேள்வி (மணலி, ஓய்வு பெற்றவர்): காற்றே நாறுகிறது. வெளியே நடந்தால் நல்லதா, கெட்டதா?

பதில்: நெடி அடிக்கும் நேரத்தில் வெளியே போகாதீர்கள், ஐயா, லாரிச் சாலையை ஒட்டியும் நடக்காதீர்கள். 2023 டிசம்பரில் எண்ணூரில் அமோனியா கசிந்த இரவில் மக்கள் ஓடியதை நாம் பார்த்தோம். சுத்தமான காற்றைக் கேட்பதும் நடைக்கான கோரிக்கைதான், இரண்டையும் பிரிக்காதீர்கள். அதே ஆண்டு நவம்பரில் அரசு "நடப்போம் நலம் பெறுவோம்" என்று மாவட்டத்துக்கொரு 8 கிலோமீட்டர் பாதை திறந்தது. நல்ல திட்டம், மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் சென்னைக்கான பாதை அடையாறு, பெசன்ட் நகர் பக்கம் அமைந்தது. மணலியிலிருந்து நடக்கப் போக இரண்டு பஸ் ஏற வேண்டுமா?

கேள்வி (திருவொற்றியூர், சுய உதவிக் குழு உறுப்பினர்): எங்கள் வார்டு மக்கள் கூடும் அடுத்த பகுதி சபைக் கூட்டத்தில் பேச இரண்டு நிமிடம் கிடைக்கும். என்ன சொல்லலாம், சிஸ்டர்?

பதில்: ஒரே ஒரு தெருவைச் சொல்லுங்கள். முந்தின நாள் அளவு டேப்போடு போய், எங்கே அகலம் குறைகிறது, எத்தனை விளக்கு எரியவில்லை, பெண்களுக்குக் கழிப்பறை எவ்வளவு தொலைவில் என்று எழுதிக்கொள்ளுங்கள். மூட்டுவலி உள்ள ஓர் அம்மாவையும் கூட்டத்துக்கு அழைத்துப் போங்கள். அளவை நீங்கள் படியுங்கள், மீதியை அவர் பேசட்டும்.