முட்டை நிறத்தையும் தோற்றத்தையும் வைத்து வீட்டுக் கோழி என்ன இனமென்று சொல்ல முடியுமா?

ஓரளவுக்குச் சொல்லலாம். ஆனால் முட்டையை மட்டும் பார்த்து இனத்தின் பெயர் சொல்கிற ஆளை நம்பாதீர்கள், மண்ணிற முட்டை இடுகிற இனங்கள் ஏராளம். சந்தையில் வாங்கிய உங்கள் மூன்று பேடுகளில் வெள்ளைப் பேடு வெள்ளை முட்டையும், சிவப்பு மண்ணிறமும், கறுப்பு வெளிறின பால்நிறமும் இடுகிறது என்கிறீர்கள்.

வெள்ளை பெரும்பாலும் லெகோன் இனந்தான். காதுச்சோணையைப் பாருங்கள், கண்ணுக்குக் கீழே சற்றுப் பின்னால் இருக்கும் சின்னச் சதை. அது வெள்ளையாக இருந்தால் முட்டையும் வெள்ளையாகவே இருப்பது வழக்கம், சிவப்பென்றால் மண்ணிறம். விதிவிலக்குகள் உண்டு: டோர்க்கிங் சிவப்புச் சோணையோடு வெள்ளை முட்டை இடும், சிலி நாட்டு அரௌகானா சிவப்புச் சோணையோடு நீல முட்டை இடும். லெகோன் பேட்டின் கொண்டை பெரிதாகி ஒரு பக்கம் சரிந்து கிடக்கும், ஆளைக் கண்டால் வேலி பாயும்.

சிவப்பில்தான் ஏமாற்று. எங்கட பக்கம் சிவப்பாக இருக்கிற கோழியெல்லாம் விற்கிறவர் வாயில் றோட் ஐலண்ட் இனந்தான். அசல் றோட் ஐலண்ட் றெட் வார்னிஷ் அடித்த தேக்குப் பலகை போலக் கருஞ்சிவப்பு, வால் கறுப்பு, இறகை விலக்கினால் அடிப்பஞ்சும் சிவப்பாகவே இருக்கும். உங்களுடையது வெளிறின செம்மண் நிறமாக, அடியில் வெள்ளைப் பஞ்சோடு, வாலில் வெள்ளை கலந்து இருந்தால் அது ஷேவர் பிறவுண் போன்ற பண்ணைக் கலப்புக் கோழி. அலகின் நுனி வெட்டுப்பட்டு மொட்டையாக இருந்தால் சந்தேகமே வேண்டாம், பண்ணையில் முட்டை குறைந்ததும் கழித்து விற்றது. இதன் முட்டையை அடை வைத்துத் தாயைப் போலவே குஞ்சு எடுக்கலாமென்று நினைக்காதீர்கள், கலப்பு அடுத்த தலைமுறையில் சிதறிவிடும்.

கறுப்பைத் தூக்கி உள்ளங்காலைப் பாருங்கள். கால் கறுத்து, அடி வெள்ளையாக, வெயிலில் இறகு பச்சையாக மினுங்கினால் ஒஸ்றலோப் இனத்து இரத்தம் இருக்கலாம். உடம்பு சிறிதாக இருந்து, கொஞ்ச முட்டை இட்டதும் கூட்டை விட்டு எழும்பாமல் கொக்கரித்துக்கொண்டு அடை கிடந்தால் அது ஊர்க்கோழி. பண்ணைக் கோழிக்கு அந்தக் குணத்தையே எடுத்துவிட்டார்கள். யாழ்ப்பாணத்து வளவுகளில் சேவல்கள் வேலி தாண்டித் திரிவதால் கலப்புத்தான் அதிகம், அதற்குப் பெயர் தேடுவது வீண்வேலை.

மண்ணிறம் ஓட்டுக்கு மேலே கடைசி நேரத்தில் படிகிற பூச்சு. முட்டையை உடைத்து உட்பக்கம் பாருங்கள், வெளுத்திருக்கும். நீலமென்றால் ஓடு முழுக்க ஊறியிருக்கும். வெயில் காலத்திலும், கோழி கிழடானாலும், நோய் வந்தாலும் மண்ணிறம் வெளிறும். ஆனால் மண்ணிறம் இட்ட கோழி திடீரென்று சுத்த வெள்ளை இட்டால் பெரும்பாலும் வேறொரு கோழி கூட்டுக்குள் வந்து போகிறது என்று அர்த்தம். நீலப்பச்சை முட்டை கிடந்தால் முதலில் பக்கத்து வளவில் தாரா (வாத்து) இருக்கிறதா என்று விசாரியுங்கள்! தோலும் இறைச்சியும் கறுத்த கருங்கோழிகூடக் கறுப்பு முட்டை இடாது, வெளிறின மண்ணிறந்தான்.

கால் மஞ்சளாக இல்லை என்று லெகோனை ஒதுக்கிவிடவும் வேண்டாம். நன்றாக முட்டை இடுகிற பேட்டின் காலிலுள்ள மஞ்சள் நிறம் முட்டைக் கருவுக்குப் போய்க் கால் வெளுத்துவிடும், முட்டை நின்றால் திரும்ப வரும்.

இனம் கேட்டுப் படம் போடுவதென்றால் முகமும் காலும் தெரியப் பக்கவாட்டில் எடுத்துப் போடுங்கள், மேலே நின்று எடுத்தால் முதுகு மட்டும்தான் தெரியும்.