சேவை நிறுவனத் தலைவருக்கு எவ்வளவு சம்பளம்?

(வருமான வரிப் பிரிவுகளின் எண்கள் 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தரப்பட்டுள்ளன. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய சட்டம் என்பதால் அதில் எண்கள் வேறு.)

நாங்கள் ஆண்டுதோறும் பணம் அனுப்பும் குழந்தைகள் இல்லத்தின் இயக்குநர் மாதம் ஒன்றரை லட்சம் வாங்குகிறாராம். சேவைக்கு வந்தவருக்கு இவ்வளவு எதற்கு? இனியும் அனுப்பலாமா?
– வாசகி, மதுரை

தொகையை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ஐந்து ஊர்களில் இல்லம், நூறு ஊழியர், ஆண்டுக்குப் பத்துக் கோடி செலவு என்றால் அந்தச் சம்பளம் அதிகமே இல்லை. இருபது பிள்ளைகள், நாற்பது லட்சம் பட்ஜெட் என்றால் கதை வேறு. ஆண்டுக்கு 18 லட்சம் ஒருவருக்கே போகிறது. பட்ஜெட்டில் கிட்டத்தட்ட பாதி.

நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதி மூன்று விஷயம் கேளுங்கள். இயக்குநர் அறங்காவலரா, அல்லது நிறுவனரின் உறவினரா? சம்பளத்தை முடிவு செய்த கூட்டத்தில் அவரும் உட்கார்ந்திருந்தாரா? வீடு, கார், டிரைவர், போன் என்று சம்பளத்துக்கு வெளியே என்னென்ன தரப்படுகிறது? நன்கொடையாளர் இவற்றைக் கேட்பதில் தவறே இல்லை.

கணக்கையும் கேட்டு வாங்குங்கள். வரவு செலவு அறிக்கையில் ‘ஊழியர் சம்பளம்’ என்று ஒரே வரிதான் இருக்கும். அதன் இணைப்புப் பட்டியலில்தான் பிரித்துக் காட்டியிருப்பார்கள். ‘வாடகை’, ‘ஆலோசனைக் கட்டணம்’ வரிகளையும் பாருங்கள். இயக்குநரின் மனைவி பெயரில் உள்ள கட்டடத்துக்கு வாடகை போவது அங்கேதான் தெரியும். கம்பெனிச் சட்டத்தின் 8-ஆம் பிரிவில் (லாப நோக்கமற்ற கம்பெனியாக) பதிவான நிறுவனம் என்றால் கம்பெனி விவகார அமைச்சக இணையதளத்தில் 100 ரூபாய் கட்டி அதன் ஆவணங்களைப் பார்க்கலாம். வெளிநாட்டு நிதி பெறும் நிறுவனம், அந்த நிதியின் தணிக்கைக் கணக்கை நிதியாண்டு முடிந்து ஒன்பது மாதத்துக்குள் இணையதளத்தில் போட வேண்டும். சாதாரண டிரஸ்டின் வருமான வரிக் கணக்கோ பொதுமக்கள் பார்வைக்கு வராது. அங்கே உங்கள் கடிதம்தான் வழி.

நிர்வாகச் செலவு 5 சதவீதம்தான் என்று ஒரு நிறுவனம் விளம்பரம் செய்கிறது. அது நல்ல நிறுவனம்தானே?
– வாசகர், சேலம்

அப்படிச் சொல்ல முடியாது. கணக்காளரே இல்லாத நிறுவனத்துக்கும் நிர்வாகச் செலவு குறைவாகத்தான் இருக்கும். பணம் கசிந்தால் கண்டுபிடிக்கவும் ஆள் இருக்காது. 2013-இல் அமெரிக்காவில் தொண்டு நிறுவனங்களை மதிப்பிடும் மூன்று அமைப்புகளே சேர்ந்து, நிர்வாகச் செலவு விகிதத்தை மட்டும் வைத்து எடைபோட வேண்டாம் என்று நன்கொடையாளர்களுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதின.

எங்கள் நிர்வாக அறங்காவலர் பத்து ஆண்டுகளாகச் சம்பளம் இல்லாமல் முழுநேரம் உழைக்கிறார். இனிச் சம்பளம் தர விரும்புகிறோம். எப்படிச் செய்வது?
– டிரஸ்ட் செயலாளர், திருச்சி

முதலில் அறக்கட்டளைப் பத்திரத்தை எடுத்துப் படியுங்கள். ‘அறங்காவலர்கள் ஊதியம் பெறக் கூடாது’ என்று அதில் எழுதியிருந்தால் எத்தனை பேர் கையெழுத்திட்டுத் தீர்மானம் போட்டாலும் செல்லாது. பத்திரத்தைத் திருத்தும் அதிகாரம் பத்திரத்திலேயே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், இல்லையென்றால் நீதிமன்றம்தான். பத்திரம் எதுவும் சொல்லவில்லை என்றாலும் கவனம் தேவை. 1882-ஆம் ஆண்டின் இந்திய டிரஸ்ட் சட்டம், பிரிவு 50, வெளிப்படையான அனுமதி இல்லாமல் அறங்காவலர் தன் உழைப்புக்கு ஊதியம் கேட்கும் உரிமை இல்லை என்கிறது. அந்தச் சட்டம் தனியார் டிரஸ்டுகளுக்கானது. ஆனால் அதன் கொள்கையைப் பொது அறக்கட்டளைகளுக்கும் பொருத்திப் பார்ப்பார்கள். எனவே ஒரு வழக்கறிஞரிடம் பத்திரத்தைக் காட்டிவிட்டு மேலே செல்லுங்கள்.

அனுமதி இருந்தால், அறங்காவலர் பதவிக்காக என்று தராதீர்கள். அவர் பார்க்கும் வேலைக்காகத் தாருங்கள். என்ன வேலை, வாரம் எத்தனை மணி நேரம், யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று ஒரு பக்கத்தில் எழுதுங்கள். உங்கள் அளவிலேயே உள்ள மூன்று நிறுவனங்களில் அதே வேலைக்கு என்ன தருகிறார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். கூட்டத்தில் அந்தப் பொருள் வரும்போது அவரும் அவருடைய உறவினர்களும் எழுந்து வெளியே போக வேண்டும். யார் வெளியேறினார்கள், எந்த ஒப்பீட்டைப் பார்த்தோம், ஏன் இந்தத் தொகை ஆகிய மூன்றும் மினிட்ஸில் (கூட்டக் குறிப்பேட்டில்) அன்றே ஏற வேண்டும். பிறகு நியமன ஆணை, வங்கி வழியாக மட்டும் சம்பளம், வரி வரம்பைத் தாண்டினால் டிடிஎஸ் (சம்பளத்திலேயே வரி பிடித்துக் கட்டுவது), ஆண்டு முடிவில் அதற்கான சான்றிதழ் (1961 சட்டத்தில் படிவம் 16).

பெரும்பாலும் சிக்கல் வருவது இங்கேதான்: மார்ச் மாதத்தில் ஆடிட்டர் கேட்ட பிறகு முன்தேதியிட்டுத் தீர்மானம் எழுதுவது. மினிட்ஸ் புத்தகத்தின் பக்க எண்ணும் மையும் காட்டிக்கொடுத்துவிடும். அடுத்தது ரொக்கம். ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அது அறச்செலவாகவே ஏற்கப்படாது. பத்து ஆண்டுகளுக்கும் சேர்த்துப் ‘பழைய பாக்கி’ என்று மொத்தமாகத் தருவதும் வேண்டாம். அன்று தருவதாகச் சொல்லாத சம்பளத்துக்கு இன்று கணக்கு காட்ட முடியாது. வசூலாகும் நன்கொடையில் இத்தனை சதவீதம் என்று சம்பளம் வைப்பதை நாங்கள் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டோம். ஒரு பெரிய நன்கொடை வந்த ஆண்டில் வேலை கூடாமலேயே சம்பளம் இரட்டிப்பாகிவிடும்.

சம்பளம் ‘அதிகம்’ என்று வருமான வரி அதிகாரி சொன்னால் என்ன ஆகும்? மருமகளுக்குத் தரும் சம்பளமும் இதில் வருமா?
– வாசகர், கோயம்புத்தூர்

வரும். வருமான வரிச் சட்டத்தின் 13(3) பிரிவின் பட்டியலில் நிறுவனர், அறங்காவலர், மேலாளர், இவர்களின் உறவினர் எல்லோரும் அடக்கம். உறவினர் என்றால் கணவன் மனைவி, உடன்பிறந்தோர், கொழுந்தனார், நாத்தனார், மைத்துனர், பெற்றோர், பிள்ளைகள், மருமகன், மருமகள், அண்ணன் தம்பி அக்கா தங்கையின் பிள்ளைகள் வரை. சித்தப்பா மகன் இதில் இல்லை. பெரிய நன்கொடையாளரும் பட்டியலில் உண்டு. முன்பு மொத்தம் 50,000 ரூபாயைத் தாண்டினாலே சேர்ந்துவிடுவார். 2025 நிதிச் சட்டத்துக்குப் பின் அந்த ஆண்டில் ஒரு லட்சம் அல்லது இதுவரை மொத்தம் பத்து லட்சத்தைத் தாண்ட வேண்டும்.

இவர்களுக்குச் சம்பளமே கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. பார்த்த வேலைக்கு நியாயமானதைவிட அதிகம் தரக் கூடாது என்கிறது 13(2)(சி). கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதம் 1,20,000 தருகிறீர்கள். 80,000தான் நியாயம் என்று முடிவாகிறது. அதிகப்படி ஆண்டுக்கு 4,80,000. அதன்மீது 115பிபிஐ பிரிவில் 30 சதவீத வரி 1,44,000, செஸ் தனி. 271ஏஏஇ பிரிவில் அபராதம் அதே 4,80,000 வரை வரலாம். அடுத்து வரும் ஆண்டிலும் தொடர்ந்தால் அபராதம் இரண்டு மடங்கு. வாங்கியவர் வீட்டிலிருந்து இந்தப் பணம் போவதில்லை, டிரஸ்டின் நிதியிலிருந்து, அதாவது பிள்ளைகளுக்கென்று வந்த பணத்திலிருந்து போகிறது. எங்களை மிகவும் வருத்துவது இதுதான்.

வெளிநாட்டு நிதியிலிருந்து இயக்குநர் சம்பளம் தரலாமா?
– வாசகி, நாகர்கோவில்

தரலாம், ஆனால் வரம்பு உண்டு. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில் (எஃப்சிஆர்ஏ) நிர்வாகச் செலவுக்கு 50 சதவீதம் வரை இருந்ததை 2020 செப்டம்பர் திருத்தம் 20 ஆக்கியது. ஓர் ஆண்டில் 50 லட்சம் வந்தால் நிர்வாகத்துக்கு 10 லட்சம். அதற்குள் இயக்குநர், அலுவலக மேலாளர் சம்பளம் மட்டுமல்ல, அலுவலக வாடகை, மின்சாரம், வண்டி, கணக்கு வேலை, வழக்கறிஞர் கட்டணம் எல்லாம் அடங்க வேண்டும். மீற வேண்டுமென்றால் மத்திய அரசின் முன் அனுமதி தேவை. நீங்கள் நடத்தும் ஆஸ்பத்திரியின் டாக்டர், பள்ளியின் ஆசிரியர் சம்பளம் இதில் சேராது. அது நேரடிச் சேவை.

இயக்குநரின் சம்பளம் 12 லட்சம் என்றால் வெளிநாட்டு நிதியில் 4, உள்நாட்டு நன்கொடையில் 8 என்று பிரிக்கலாம். ஏப்ரலிலேயே விகிதத்தைத் தீர்மானமாகப் போடுங்கள். டிசம்பரில் 20 சதவீதம் இடிக்கிறது என்று பார்த்து, முழுச் சம்பளத்தையும் ‘திட்டச் செலவு’ தலைப்புக்கு மாற்றுவது ஆபத்து. அவர் வாரத்தில் இரண்டு நாள் உண்மையிலேயே வகுப்பெடுக்கிறார் என்றால் நேரப் பதிவேடு வைத்து அந்தப் பகுதியை மட்டும் காட்டுங்கள்.

நியூஜெர்சியில் இருக்கும் என் மகன் அங்குள்ள ஒரு தொண்டு நிறுவனத்துக்குப் பணம் தருகிறான். அங்கே சம்பளம் தெரியுமா?
– வாசகர், தஞ்சாவூர்

நம் ஊரைவிட எளிதாகத் தெரியும். தொண்டு நிறுவனங்கள் ஆண்டுதோறும் வரித்துறைக்குத் தரும் படிவம் 990 அங்கே பொது ஆவணம்; வரித்துறை இணையதளத்திலேயே இலவசமாகக் கிடைக்கும். அதன் 7-ஆம் பகுதியில் அதிகாரிகள், இயக்குநர்களின் பெயரும் சம்பளமும் இருக்கும். 1,50,000 டாலரைத் தாண்டியவர்களுக்கு ‘ஷெட்யூல் ஜே’யில் போனஸ், ஓய்வூதியம் எல்லாம் பிரித்திருக்கும். உறவினர் கொடுக்கல் வாங்கலுக்கு ‘ஷெட்யூல் எல்’. சிறிய நிறுவனங்கள் சுருக்கப் படிவம் தரும், மிகச் சிறியவை ஓர் அஞ்சலட்டை அளவுக்குத்தான் விவரம் தரும்.

நியாயத்துக்கு மிஞ்சி வாங்கினால் அங்கே வரிச் சட்டத்தின் 4958-ஆம் பிரிவின்படி வாங்கியவரே அதிகப்படித் தொகையில் 25 சதவீதம் வரி கட்ட வேண்டும். திருப்பித் தராவிட்டால் 200 சதவீதம். ஆண்டு வரவு பத்து லட்சம் டாலருக்குக் குறைந்த நிறுவனம், சம்பளத்தை முடிவு செய்ய அதில் சம்பந்தமில்லாத குழு, மூன்று ஒப்பீடுகள், உடனுக்குடன் எழுதிய பதிவு ஆகியவற்றை வைத்திருந்தால் சம்பளம் நியாயமானது என்றே தொடக்கத்தில் எடுத்துக்கொள்வார்கள். திருச்சி வாசகருக்கு மூன்று ஒப்பீடு சொன்னதும் இதைப் பார்த்துத்தான். மகன் தருவது கோயிலுக்கோ சர்ச்சுக்கோ என்றால் மட்டும் 990 இல்லாமல் போகலாம். வழிபாட்டு அமைப்புகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அப்போது கமிட்டியிடமே கணக்கைக் கேட்கச் சொல்லுங்கள்.