தபால் செஸ்ஸில் டிரா ஆன ஆட்டங்களில் உங்களால் மறக்க முடியாதது எது? அதில் என்ன ஓப்பனிங்?

மார்ஷல் அட்டாக், ரூய் லோபஸ் என்ற பழைய ஓப்பனிங்கின் (ஆட்டத் தொடக்க வரிசையின்) ஒரு கிளை. நான் கருப்புக் காய்கள். தபால் என்றாலும் அஞ்சலட்டை எல்லாம் இல்லை, இணையத்தில்தான். ஒரு நகர்த்தலுக்கு மூன்று நாள். எஞ்சினை, அதாவது செஸ் ஆடும் கணினி நிரலைத் தொடக்கூடாது, ஓப்பனிங் புத்தகம் பார்க்கலாம். ஏழு மாதம் ஓடியது.

ரூய் லோபஸில் எட்டாவது நகர்த்தலில் கருப்பு, பலகையின் நடுவில் இருக்கும் டி5 கட்டத்துக்குச் சிப்பாயைத் தள்ளி, இ5-இல் இருக்கும் சிப்பாயை விட்டுக்கொடுத்துவிடும், பதிலுக்கு வெள்ளை ராஜா மேல் பாய வழி கிடைக்கும். 1918-இல் நியூயார்க்கில் அமெரிக்க ஆட்டக்காரர் பிராங்க் மார்ஷல், பின்னாளில் உலகச் சாம்பியனான காப்பாபிளாங்காவிடம் இதை ஆடினார். காப்பாபிளாங்கா சிப்பாயை வாங்கிக்கொண்டு, வந்த தாக்குதலையெல்லாம் பலகையின் முன் உட்கார்ந்தே சமாளித்து ஜெயித்துவிட்டார். அன்று மார்ஷல் பதினோராவது நகர்த்தலில் குதிரையை எஃப்6-க்கு இழுத்தார், இப்போது பெரும்பாலும் சிப்பாயை சி6-க்குத் தள்ளி, குதிரையை டி5-லேயே நிறுத்துகிறார்கள். நானும் அப்படித்தான் ஆடினேன்.

பதினைந்தாவது நகர்த்தல்தான் எனக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. என் ராணி எச்3-இல், எதிராளி யானையை இ4-க்குக் கொண்டுவந்தார், அடுத்து எச்4-க்கு வந்து ராணியை விரட்டத்தான். இதற்குப் பதில் ஜி5, அதாவது என் ராஜாவுக்கு முன்னால் நிற்கும் சிப்பாயையே தள்ளுவது. புத்தகத்தில் இருக்கிறது, ஆனாலும் எனக்குக் கை வரவில்லை. பீரோ மேல் சின்னக் காந்தப் பலகையில் அந்த நிலையை அடுக்கி வைத்து, போகும்போதும் வரும்போதும் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் பிஷப் அந்தச் சிப்பாயை வெட்டினால் என் ராணி எஃப்5-க்கு வந்து யானை, பிஷப் இரண்டையும் ஒரே சமயத்தில் பிடிக்கும், அது எனக்கே புரிந்த பிறகுதான் அனுப்பினேன்.

அவர் வெட்டவில்லை. நேரில் கடிகாரம் ஓடும்போது வெள்ளை இந்த மாதிரி இடத்தில் தடுமாறும், மூன்று நாள் கையில் இருந்தால் தப்பிக்கும் வழியைத் தேடி எடுத்துவிடலாம். அவரும் எடுத்தார். அப்புறம் ராணிகள் மாறின. அவருக்கு ஒரு சிப்பாய் கூடுதல், எனக்கு இரண்டு பிஷப்பும் இருந்தன. மார்ஷலில் கருப்பு பிழைப்பதே பல சமயம் இப்படித்தான்: பிஷப்புகள் தூரத்தில் இருந்தே கட்டங்களைக் காவல் காக்கும், கூடுதல் சிப்பாய் நகரவே முடியாது.

அவர் டிரா கேட்டதும் நான் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. ஜெயிக்க எனக்கு ஏதாவது வழி இருக்குமா என்று இரண்டு நாள் தேடினேன். இல்லை. மூன்றாம் நாள் காலையில் சரி என்று அனுப்பினேன். பலகை இன்னும் பீரோ மேல்தான் இருக்கிறது, அந்தக் கடைசி நிலையோடு.