வறுமையைப் படிக்கக் கணக்கு எதற்கு?

கேள்வி: தமிழ் வழியில் பி.ஏ. பொருளாதாரம் முடிக்கப்போகிறேன். சர்வதேச, வளர்ச்சிப் பொருளாதாரத்தில் எம்.ஏ. படிக்க ஆசை. பாடத்திட்டத்தைப் பார்த்தால் பாதி கணக்காக இருக்கிறது. வறுமையைப் புரிந்துகொள்ள இவ்வளவு கணக்கு எதற்கு?
– வாசகி, சாத்தூர்

பதில்: தீப்பெட்டித் தொழிலுக்குப் பேர்போன உங்கள் ஊரிலிருந்தே தொடங்குகிறேன். 20 ரூபாய்க்குக் குறைந்த சிகரெட் லைட்டர்களின் இறக்குமதியை மத்திய அரசு 2023 ஜூனில் தடை செய்தது. தீப்பெட்டி உற்பத்தியாளர்கள் வெகுநாளாகக் கேட்டு வந்தது அது. சரி, தீப்பெட்டி ஆலைக்குப் போகும் பெண்களுக்கு அதனால் வேலைநாள் கூடியதா? கூடியிருந்தால், தடையால்தானா, வேறு காரணமா? இதைப் பிரித்துச் சொல்லத்தான் கணக்கு.

1990இல் 80 சதவீதத்துக்கு மேல் இருந்த நம் சராசரி இறக்குமதி வரி, 1996இல் 37 சதவீதமானது. அந்தக் காலத்தில் நாட்டில் வறுமையும் குறைந்தது. இரண்டையும் முடிச்சுப் போட்டு ‘எல்லாருக்கும் நல்லது’ என்று சொல்லிவிடலாம். பெட்டியா டோபலோவா என்ற பொருளாதார அறிஞர் மாவட்டம் மாவட்டமாகப் பார்த்தார். வரிக் குறைப்பு அதிகம் தாக்கிய கிராமப்புறங்களில் வறுமை மற்ற இடங்களைவிட மெதுவாகத்தான் குறைந்திருந்தது. அங்கிருந்தவர்களால் வேறு ஊருக்கோ தொழிலுக்கோ எளிதில் மாற முடியவில்லை. மொத்தக் கணக்கில் காணாமல் போயிருந்த மனிதர்கள் அவர்கள். இந்தப் படிப்பை நான் நேசிப்பது இதற்காகத்தான்.

நானும் தமிழ் வழியில் படித்தவள். திருவனந்தபுரம் வளர்ச்சி ஆய்வு மையத்தில் சேர்ந்த முதல் வாரம், ‘மேட்ரிக்ஸ்’ என்று பேராசிரியர் சொன்னது பள்ளியில் படித்த ‘அணி’தான் என்று புரிய எனக்கு மூன்று நாள் ஆனது. அப்புறம் ஊரிலிருந்து பிளஸ் டூ கணக்குப் புத்தகத்தை வரவழைத்தேன். லாரி பேக்கர் செங்கல்லில் எழுப்பிய அந்த நூலகக் கோபுரத்தில் உட்கார்ந்து, ஓரத்தில் ஆங்கிலச் சொற்களை எழுதியபடி மறுபடி படித்தேன். தடுமாறியது மொழியில்தான், கணக்கில் இல்லை.

அதனால் இப்போதே அணிகள், வகையீடு, நிகழ்தகவு மூன்றையும் எடுங்கள். புள்ளிவிவரங்களை அலச உதவும் ‘ஆர்’ (R) மென்பொருள் இலவசம். மத்திய அரசு நடத்தும் தேசிய மாதிரி ஆய்வின் குடும்பச் செலவு விவரங்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. விருதுநகர் மாவட்டக் குடும்பங்களை மட்டும் பிரித்தெடுத்துப் பழகுங்கள். வெளிநாட்டுக் கட்டணத்தை நினைத்து இப்போதே கலங்க வேண்டாம். திருவனந்தபுரம், மும்பை இந்திரா காந்தி வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம், சென்னை மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் மூன்றுக்கும் முதலில் விண்ணப்பியுங்கள். அணிகள் பாடத்தில் எந்தக் கணக்கில் நிற்கிறீர்கள் என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள், அங்கிருந்து பார்க்கலாம்.