அம்மா முகத்தில் எதை அழிக்கலாம்?

கேள்வி: ஸ்டுடியோவில் எடுத்த அம்மாவின் படத்தில் சுருக்கங்களை எல்லாம் அழித்துவிட்டார்கள். படம் அழகாக இருக்கிறது, ஆனால் அம்மா மாதிரியே இல்லை. டச்-அப் செய்வதே தப்பா?

பதில்: தப்பு இல்லை. கண்ணாடித் தகட்டு நெகட்டிவ் காலத்திலேயே பென்சிலால் சுருக்கங்களை மறைத்திருக்கிறார்கள், 1990-ல் ஃபோட்டோஷாப் வந்தபின் அது சுலபமாகிவிட்டது, அவ்வளவுதான். சில நாளில் தானாகவே மறைந்துவிடும் பரு, கீறல் என்றால் தாராளமாக எடுக்கலாம். மச்சம், தழும்பு, சிரிப்புக் கோடு எல்லாம் அவருடையவை, அவராகக் கேட்காமல் யாரும் கை வைக்கக் கூடாது. அப்புறம், கேமராவும் முழு உண்மையைச் சொல்வதில்லை: மொபைலை மிக அருகில் வைத்து எடுத்தால் மூக்கு பெரிதாகிவிடும், தலைக்கு நேர் மேலே கடுமையான வெளிச்சம் இருந்தால் கண்ணுக்குக் கீழே நிழல் குழியாக விழும், அதனால் ஜன்னல் ஓரம் உட்கார வைத்து, கொஞ்சம் தள்ளி நின்று எடுத்தாலே பாதித் திருத்தம் தேவைப்படாது.

விளம்பரம் வேறு விஷயம். பிரான்ஸில் மாடலின் உடலை மெலிதாகவோ பருமனாகவோ திருத்தினால் அதை விளம்பரத்திலேயே குறிப்பிட வேண்டும் என்பது 2017 முதல் சட்டம். எல்லா நாட்டிலும் வர வேண்டும்.

நீங்கள் ஸ்டுடியோவில் ஒரிஜினல் கோப்பைக் கேளுங்கள், அல்லது திருத்திய லேயரை (படத்தின் மேல் தனி அடுக்காக இருக்கும் திருத்தத்தை) பாதியாகக் குறைத்துத் தரச் சொல்லுங்கள். அதையும் இப்போதுள்ள படத்தையும் அம்மாவிடம் காட்டி, அவருக்குப் பிடித்ததைப் பிரிண்ட் போடுங்கள்.